டேய் கணவாய்... உங்க ஊருக்கு வர்றேன்டா!

எங்க ஹாஸ்டல்ல பட்டப்பேர் இல்லாத ஆளே கிடையாது. 'டேபிள் ஃபேன்', 'அரை லிட்டர்', 'செகண்ட் ஹேண்ட்'னு ரூமுக்கு ரூம் ஒருத்தன் இருப்பான். என் ரூம்மேட்டுக்குக் கிடைத்த பேர், 'கணவாய்'!

முதல் வருஷம், முதல் வாரம். ராகிங் தடை என்பதால் அதற்கு இப்போது 'இன்ட்ரோ' என்று பேர். "அப்பா என்ன பண்றார்?" என்று ஒரு சீனியர் கேட்க, இவன் அப்பாவியாக "கணவாய் பிடிக்கிறார்ணே" என்றான். சீனியர் சேலத்துக்காரர். "ஏன்டா, பாலக்காட்டுக் கணவாயை எப்படிடா பிடிச்சுட்டு வருவாங்க?" என்றாரே பார்க்கலாம்! ஹாலே குலுங்கிச் சிரித்தது. அதே வாரத்தில் இவனுடைய பேனா லீக் ஆகி, சட்டைப் பையில் மை கொட்டியது. அவ்வளவுதான். அன்றைக்கு ஒட்டிய பேர், மூணாவது வருஷம் வரை உதிரவில்லை.

நானும்தான் கூப்பிட்டேன். ஆனால், மதுரைக்காரனான எனக்கு ஒரு உண்மை அப்புறம்தான் உறைத்தது. நான் தின்றிருக்கிறேனே தவிர, கணவாயை உயிரோடு பார்த்ததே இல்லை. அதைத் தூண்டில் போட்டுப் பிடிப்பார்கள் என்பதே தெரியாது. போன ஆயுத பூஜை லீவில், "உங்க ஊருக்கு வர்றேன்டா" என்றேன். அவன் ரெண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூணாவது நாள், "வர்றதுன்னா வா. ஆனா, வந்துட்டு வந்து ஹாஸ்டல்ல காமெடி பண்ணக் கூடாது" என்றான். சத்தியம் செய்துகொடுத்தேன். (இந்தக் கட்டுரை அந்தக் கணக்கில் வராது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

நாகர்கோவிலில் ரயில் இறங்கி, பஸ் பிடித்தோம். வெள்ளிச்சந்தை தாண்டும் வரை இரண்டு பக்கமும் தென்னை, வாழை, குளம், மறுபடியும் தென்னை. எனக்கு இது கடற்கரைக்குப் போகிற ரோடு என்றே நம்பிக்கை வரவில்லை. திடீரென்று ஒரு வளைவில் காற்றின் வாசனை மாறியது. முட்டம்!

சினிமாப் பைத்தியங்களுக்கு இந்த ஊரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' என்று பாரதிராஜா இந்தப் பாறைகளை நம்ம அப்பா, அம்மா காலத்துக் காதலர்களுக்கு எழுதிவைத்துவிட்டார். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் செம்மண் மேடு, அதன் மேல் லைட் ஹவுஸ், கீழே கறுப்புப் பாறைகள். நான் ஆளுக்கு முன்னால் ஓடிப்போய் பாறையில் நின்று கையை விரித்தேன். 'கணவாய்' போட்டோ எடுக்காமல், "இறங்குலே, அந்தப் பாறையில வழுக்கி விழுந்தவன் கணக்கு ஊர்ல தனியா இருக்கு" என்றான். ஹாஸ்டலில் இவன் 'லே' போட்டு நான் கேட்டதே இல்லை. ஊர் மண்ணை மிதித்ததும் ஆளே மாறிவிட்டான்.

வீட்டு வாசலில் அவன் அப்பா தரையில் உட்கார்ந்து எதையோ முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "வணக்கம் அங்கிள்" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "அங்கிளா? மாமான்னு கூப்பிடு மக்களே" என்றார். இந்தப் பக்கம் பெரியவர்கள் ஒரே ஒரு பையனைக் கூப்பிட்டாலும் 'மக்களே'தான். முதல் தடவை பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

மாமாவின் மடியில் கிடந்ததைப் பார்த்ததும் பொம்மை என்று நினைத்தேன். நடுவிரல் நீளத்துக்கு ஒரு இறால். ஆரஞ்சுத் துணி போர்த்திய உடம்பு. கண்ணாடிக் கண். விலாவில் ரெண்டு பக்கமும் சின்ன இறகு. தாடைக்குக் கீழே ஒரு ஈயத் துண்டு. வால் பக்கம்தான் வில்லங்கம்... கவிழ்ந்த குடையின் கம்பிகள் மாதிரி மேல் நோக்கி வளைந்த ஊசிகள், ரெண்டு வரிசையாக. கடையில் போய் 'கணவாய்த் தூண்டில்' என்றால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பாக்கெட்டின் மேல் 'ஸ்க்விட் ஜிக்' என்று போட்டிருக்கும்.

நமக்குத் தெரிந்த தூண்டிலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மீன் தூண்டிலில் புழுவோ, மீன் துண்டோ கோக்க வேண்டும். இதில் இரையே கிடையாது. எல்லாமே நடிப்பு. மீன் தூண்டிலின் நுனியில் பின்னோக்கி ஒரு குட்டி முள் இருக்கும், மாட்டிய மீன் கழன்று போகாமல் இருக்க. இதன் ஊசிகளில் அதுவும் கிடையாது. காரணம், கணவாய் வாயால் கவ்வுவதில்லை. அதற்கு எட்டுக் கைகள், தவிர நீளமான ரெண்டு பிடிகைகள். அந்த ரெண்டையும் பைக்குள் மடக்கி வைத்திருந்து, கண் மூடித் திறப்பதற்குள் நீட்டி இரையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் இறாலுக்குப் பதில் ஊசி. சதை மெத்தென்று இருப்பதால் ஆழமாகக் குத்த வேண்டியதுகூட இல்லை, கொக்கி போட்டால் போதும்.

இந்த ஜிக்குக்கு ஜப்பானில் ஒரு பூர்வீகக் கதை சொல்கிறார்கள். அந்த நாட்டின் தெற்கு ஓரத்தில், ககோஷிமா பக்கம், ராத்திரி மீன் பிடிக்கப் போனவர் கையிலிருந்து எரிகிற தீப்பந்தம் தண்ணீரில் விழுந்ததாம். அந்தக் கரிக்கட்டையை ஒரு கணவாய் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டதாம். அதைப் பார்த்துத்தான் மரத்தில் இறால் செதுக்க ஆரம்பித்தார்களாம். கதை நிஜமோ, இல்லையோ... 'எகி' என்று அவர்கள் சொல்லும் அந்த மர இறாலின் பேரன்தான், மாமா மடியில் இருந்த பிளாஸ்டிக் இறால்.

மறுநாள் குளச்சல் போனபோது, தூண்டில் கடையில் இதைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பிங்க், பச்சை, ஊதா, இருட்டில் மினுங்குவது என்று கம்மல் கடை தோற்றுப்போகும்! நான் பெரிய அறிவாளி மாதிரி, "கணவாய்க்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்று கேட்டேன். என் ரூம்மேட் சிரித்தான். "அதுக்குக் கலரே தெரியாதுடா. இந்தக் கலரெல்லாம் வாங்க வர்ற நமக்குத்தான்!"

நிஜம்தான். கணவாயின் கண்ணில் பெரும்பாலும் ஒரே வகை ஒளி உணர்விதான் இருக்கிறது. நமக்கு மூன்று வகை. அதனால் அதற்குச் சிவப்பு, பச்சை எல்லாம் வெறும் வெளிச்ச வித்தியாசம். ஆனால், நமக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரியும். போலரைஸ்டு லைட்! முதல் வருஷ பிசிக்ஸில் நாம் அரியர் வைத்த அதே சமாசாரம். இதில் வேடிக்கை என்னவென்றால், கலரே தெரியாத இந்தப் பிராணிதான் விநாடிக்கு விநாடி தன் உடம்பின் கலரை மாற்றி, பாறையோடு பாறையாக, மணலோடு மணலாக உட்கார்ந்துகொள்கிறது. கண்ணின் பாவை வேறு 'டபிள்யூ' வடிவம். மூணு இதயம். நீல ரத்தம். டிசைன் பண்ணின ஆள் நிச்சயமாக ஆட்டோகேடு தெரிந்தவர்!

"அப்போ கடையில இவ்வளவு கலர் எதுக்கு?"

"தண்ணி தெளிவா இருந்தா ஒண்ணு, கலங்கினா ஒண்ணுன்னு அப்பா மாத்துவார். வெளிச்சத்துக்கு எதிரே நிழலா நல்லாத் தெரியணும், அதான் விஷயம். ஆனா, ஆரஞ்சு ராசின்னு ஒரு கணக்கும் வச்சிருக்கார். அதை நான் கேள்வி கேக்கிறதில்ல."

மாமாவிடம் பழைய தூண்டில் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் இறால் கைக்கு வருவதற்கு முன்பு அவரே செய்தது. ஒரு கைவிரல் தடிமனில் ஈயம், அதில் பதித்த வளைந்த கம்பிகள், மேலே வெள்ளை நூல் சுற்று. மெக்கானிக்கல் பையன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமே என்று, "நான் ஒண்ணு வார்க்கட்டா மாமா?" என்றேன். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், அடுப்பே போதும். பிரச்னை அச்சில்தான். கரை மணலில் குழி செய்து ஊற்றப் போனவனின் கையைப் பிடித்துவிட்டார். "ஈர மணல்ல ஊத்துனா வெடிச்சு மூஞ்சில அடிக்கும், கேட்டியா. ஒங்க காலேஜ்ல இதச் சொல்லித் தரலியா?" சொல்லித் தந்தார்கள். ஃபவுண்டரி லேபில் ரெக்கார்டு நோட்டில் எழுதியும் இருக்கிறேன், 'மோல்டு ஈரமாக இருக்கக் கூடாது' என்று. அவர் காய்ந்த மூங்கில் துண்டில் ஊற்றச் சொன்னார். கோணலாக ஒன்று வந்தது. "நல்லாத்தான் இருக்கு. கணவாய்க்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருந்தா மாட்டும்" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அதிகாலை கடலுக்குப் போவது என்று முடிவானது. ஞாயிறு போக முடியாது. இந்தக் கரையில் கிறிஸ்தவக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். மூன்று மணிக்கு மாமி எழுப்பிக் கட்டன்சாயா கொடுத்தார். ஆதார் கார்டு எடுத்துக்கொண்டேனா என்று கேட்டார். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை அவரே மாட்டி, இழுத்துப் பார்த்தார். பிறகு போனில் வானிலை அறிவிப்பை இன்னொரு முறை ஓடவிட்டார்.

"நேத்துல இருந்து நாலாவது தடவை" என்று ரூம்மேட் காதில் சொன்னான். 2017 நவம்பர் 30 அன்று அவன் சின்னப் பையன். ஒக்கிப் புயல். மாமா அன்று கடலில் இல்லை. ஆனால், தெருவில் பல வீடுகளில் ஆள் கடலில் இருந்தார்கள். அதற்குப் பிறகு மாமி, மாமா திரும்பி வரும் வரை வாசல் கதவைச் சாத்துவதில்லையாம்.

வள்ளம் ஃபைபர். அவுட்போர்டு எஞ்சின் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறியது. (என்னை மாதிரி மெக்கானிக்கல் ஆட்களுக்கு இது ஒன்றே தனி இன்பம்!) மாமா, அவர் தம்பி, இன்னொரு அண்ணன், நாங்கள் ரெண்டு பேர். அலையைத் தாண்டும்போது வள்ளம் மூக்கைத் தூக்கியது. எனக்கு வயிறு மேலே வந்தது. அடுத்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. கட்டன்சாயா வீணாய்ப்போனது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விடியும்போது எஞ்சினை நிறுத்தினார்கள். சுற்றிலும் ஒன்றுமே இல்லை. வெறும் தண்ணீர். ஆனால், மாமா கையிலிருந்த ஜிபிஎஸ் இதுதான் இடம் என்றது. அவர் அதை மட்டும் நம்பவில்லை. கரைப் பக்கம் திரும்பி, ஒரு கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு மலை முகடும் எப்படி நிற்கின்றன என்று பார்த்தார். பிறகு இன்னொரு பக்கம் இன்னொரு ஜோடி. இதற்குக் 'கணியம்' என்று பேர். ரெண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி. அவருடைய அப்பா காலத்து ஜிபிஎஸ்!

அந்தப் புள்ளியின் கீழே, இருபது பாகம் ஆழத்தில் (ஒரு பாகம் ஆறடி, ஆக 36 மீட்டர் சுமார்) அவர்கள் மூன்று வாரத்துக்கு முன்பு போட்டது கிடந்தது. தேங்காய் பறித்த பிறகு மிஞ்சும் காய்ந்த குலைக்காம்புகளை மொத்தமாகக் கட்டி, மணல் மூட்டையோடு இறக்கிவிடுவார்கள். வெறும் மணல் தரையில் அப்படி ஒரு புதர் முளைத்தால், கணவாய் தேடி வரும்.

"ஏன் வருது மாமா?"

"நிழலுக்கு" என்றார் தம்பிக்காரர்.

"முட்டை போட" என்றான் என் ரூம்மேட். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

பிடிக்கும் முறையைக் கேட்டால் எளிதாகத்தான் இருக்கிறது. கையில் ராடு கீடு கிடையாது. தங்கூசி நரம்புதான். நீளமாக விட்டு, தரையில் தட்டியதும் ஒரு முழம் மேலே. பிறகு ஒரு வெட்டு... சட்டென்று கையை மேலே தூக்கி, விட்டுவிட வேண்டும். இறால் துள்ளிக் குதித்து, மெதுவாகக் கீழே இறங்குகிற மாதிரி அங்கே தெரியும். அந்த இறங்கும் நேரத்தில்தான் கணவாய் பாயும். மாமா ஆள்காட்டி விரலில் சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றியிருந்தார். அதற்கு மேலும் கீழும் விரலில் பழைய வெட்டுத் தழும்புகள், ஸ்கேலில் கோடு போட்ட மாதிரி.

"மீன் கடிச்சா வெட்டி இழுக்கும். கணவாய் அப்படி இல்ல. ஈரத் துணி கனக்கிற மாதிரி இருக்கும், கேட்டியா. கனத்தா நிறுத்தாத. ஒரே வேகத்துல இழு."

எனக்குக் கனத்தது! உற்சாகத்தில் 'மாமா' என்று கத்தி, ஒரு விநாடி கையைத் தளர்த்திவிட்டேன். கனம் போய்விட்டது. எதிர்முள் இல்லாத ஊசியின் முழு அர்த்தமும் அந்த ஒரு விநாடியில் புரிந்தது. நரம்பில் இழுவிசை பூஜ்யம் ஆனால், ஆட்டம் குளோஸ். யாரும் திட்டவில்லை. அதுதான் ரொம்ப அவமானம்.

மாமாவுக்கு முதலில் வந்தது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழேயே அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். 'புஸ்'ஸென்று கறுப்பு மேகம். மை முழுக்கக் கடலிலேயே கொட்டட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் தூக்கினார். ஒன்றரைக் கிலோ இருக்கும். உடம்பில் பழுப்பு வரிகள் ஓட, பிறகு வெளிற, பிறகு மறுபடி ஓட... டிவியில் சேனல் மாறுகிற மாதிரி இருந்தது. "வரி வரியா இருக்கில்ல, இது ஆண்" என்றான் ரூம்மேட். அந்த 'டபிள்யூ' கண் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

எட்டு மணிக்குள் பத்துக்கு மேல் ஏறிவிட்டது. எனக்கு ரெண்டு. ரெண்டாவதை நான் தண்ணீரிலேயே மை கக்கவைக்க மறந்துவிட்டதால், இப்போதும் அந்த டி-ஷர்ட்டை என்னால் ஹாஸ்டலில் போட முடியாது. அப்புறம் என் நரம்பு மறுபடி கனத்தது. இந்த முறை ஈரத் துணி இல்லை, ஈர மூட்டை!

மாமா வாங்கி விரலால் தொட்டுப் பார்த்தார். "கணவாய் இல்ல. காம்புல மாட்டிருக்கு." மெல்ல மெல்ல இழுத்தார். கட்டிலிருந்து பிய்ந்த ஒரு குலைக்காம்பு மேலே வந்தது. அதன் கிளை முழுக்கக் கொத்துக் கொத்தாக என்னவோ தொங்கியது. நுங்கைத் திராட்சை அளவுக்கு உருட்டிய மாதிரி, மங்கலான வெள்ளை. ஒவ்வொன்றும் காம்பில் தனித்தனியாக முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. ஒன்றிரண்டின் உள்ளே, சூரியனுக்கு எதிரே, புள்ளியாக ரெண்டு கண் தெரிந்தது. உள்ளே ஏதோ ஒன்று திரும்பியது.

"உள்ள தூக்கு. தூண்டிலக் கழட்டிட்டு வீசிரலாம். 280 ரூவா தூண்டில்" என்றார் தம்பிக்காரர். ஊசிகள் முட்டைகளுக்கு நடுவே சிக்கியிருந்தன. கழற்ற வேண்டுமென்றால் வள்ளத்துக்குள் போட்டு, பிய்த்துத்தான் கழற்ற வேண்டும். மாமா தண்ணீரிலேயே வைத்து ரெண்டு முறை முயன்று பார்த்தார். அலை தூக்கித் தூக்கி அடித்தது. மூணாவது முறை, கத்தியை எடுத்து நரம்பை வெட்டிவிட்டார். தூண்டிலின் ஈயக் கனமே அந்தக் காம்பைக் கீழே இழுத்துக்கொண்டு போனது.

யாரும் பேசவில்லை. பிறகு என் ரூம்மேட் மட்டும், "முட்டையை விட்டுட்டு அம்மாவைப் பிடிச்சா, அது என்ன கணக்குப்பா?" என்றான்.

மாமா புது நரம்பில் இன்னொரு ஆரஞ்சு இறாலைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "உன் ஃபீஸ் என்ன கணக்குலே?" என்றார். முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கினார். என் கையில் கொடுத்தார். "போடு மக்களே, நீவாடு மாறுறதுக்குள்ள."

போட்டேன்.

கரைக்கு வந்தபோது மொத்தம் 14 கணவாய், 21 கிலோ. அன்றைய விலை கிலோ 350 ரூபாய். தூண்டிலில் பிடித்ததற்குக் கொஞ்சம் கூடவே கிடைக்குமாம், இழுவை மடியில் நசுங்கி வருவதைப் போல இல்லாமல் தோல் கிழியாமல் இருக்கும். 7,350 ரூபாய். மண்ணெண்ணெய், ஐஸ், மற்றச் செலவு 2,400 போக 4,950. அதில் பாதி வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும். மீதியை மூணு பேர் பங்கு போட்டால், ஆளுக்கு 825. வள்ளம் மாமாவுடையது இல்லை.

ராத்திரி மாமி கணவாய்க் கறி வைத்திருந்தார். தேங்காய் வறுத்து அரைத்தது. (நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பது இதன் முதுகு ஓடுதான் என்று அன்றைக்குத்தான் தெரியும். உள்ளே அறை அறையாக வாயுவும் நீரும். நீரைக் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மிதக்கிறது. சப்மரீன்!) சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தக் கொத்தும் ஞாபகத்தில் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தானாகவே பேசினார். தொழில் நல்லா இருந்த வருஷங்களில் இந்தக் கரையிலிருந்து கர்நாடகா வரை கணவாய்க்குப் போயிருக்கிறார். அங்கேயும் இதே குலைக்காம்புதான். அந்த ஊர் இழுவைப் படகுக்காரர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய தகராறு. 'எங்க வலை உங்க கட்டுல மாட்டிக் கிழியுது' என்பது அவர்கள் புகார். 'நீங்க தரையையே வழிச்சு எடுக்கிறீங்க, நாங்க ஒரு தூண்டிலுக்கு ஒரு கணவாய்தானே எடுக்கிறோம்' என்பது இவர்கள் வாதம்.

"ரெண்டும் நிஜம்தாம்பா" என்றான் மகன். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் அந்தக் கர்நாடகக் கடலிலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இப்படிக் கட்டுப் போட்டுப் பிடிப்பதில் பெரும்பாலும் மாட்டுவது, முட்டையிடத் தயாராக வந்த பெரிய கணவாய்கள்தான் என்று. தூண்டிலைப் போலச் சுத்தமான கருவி கிடையாது. குஞ்சு மீன் மாட்டாது, தரை கிழியாது. ஆனால், கணவாய் வாழ்வதே ஒரு வருஷம் சொச்சம்தான். ஒரே ஒரு முறை இனப்பெருக்கக் காலம், பிறகு சாவு. அந்த ஒரு முறைக்கு வருகிற இடத்தில் தூண்டிலைத் தொங்கவிட்டால்?

மாமாவுக்கு இது தெரியாமல் இல்லை. அவர் போட்ட கட்டை அவர் மேலே தூக்குவதில்லை. முட்டை பொரிய ரெண்டு, மூணு வாரமாவது ஆகும், கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார். சிலர் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி இறக்குகிறார்கள், அது அவருக்கு ஆகாது. இதற்கு மேல்?

மகனிடம் ஒரு ஐடியா இருக்கிறது. ஜப்பானில் மரக்கிளைகளைக் கட்டிக் கடலில் இறக்குகிறார்கள். பிடிக்க அல்ல, கணவாய் முட்டையிடுவதற்கு மட்டும். அதே மாதிரி நாலு கட்டுப் போட்டால் ஒன்றைத் தூண்டில் படாமல் விட்டுவைக்கலாமே என்கிறான். மாமா சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "போடலாம். ஆரு காவல்? எம் புள்ளி ஒரு வாரத்துல ஊருக்கே தெரிஞ்சுரும். நான் விட்டுட்டு வருவேன், பின்னாலயே ஒருத்தன் தூண்டில் போடுவான். அவனுக்கும் பிள்ள படிக்குதுல்லா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் சேர்ந்து பேசுனா பாக்கலாம். கோயில் கூட்டத்துல கேட்டுப் பாரு" என்றார். "நீங்க கேளுங்கப்பா" என்றான் இவன். "நீ படிச்சவன்லா, நீ கேளு." அது அப்படியே அங்கேயே நின்றது. மறுநாள் ஞாயிறு, பூசைக்குப் போனோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சும்மா இருந்திருக்கலாம். போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். அவனுடைய செமஸ்டர் ஃபீஸ் 35,000. ஒரு நாள் பங்கு 825. வகுத்தால் 42 நாள், வீட்டுக்கு ஒரு பைசா எடுக்காமல். நாளைக்கு 14 என்றால், 588 கணவாய். ஒரு செமஸ்டருக்கு! அதில் பாதி பெண் என்று வைத்தாலே 294. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டை போடக்கூடியது. இதுவரை அஞ்சு செமஸ்டர்... அவன் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான். "நான் இந்தக் கணக்கை ஃபர்ஸ்ட் இயர்லயே போட்டுட்டேன். மூடு" என்றான்.

ஹாஸ்டலில் இப்போதும் எல்லோரும் அவனைக் 'கணவாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் வாயில் வர மாட்டேன் என்கிறது. அதைக் கவனித்துவிட்டு, "என்னடா, புதுசா மரியாதை? பழைய மாதிரியே கூப்பிடு" என்கிறான்.

போன வாரம் ஃபீஸ் கட்டினான். ரசீதை மெஸ்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் மாமா குரல், பின்னால் காற்று இரைச்சல். ஐந்து நிமிஷம் அரியர், உடம்பு, சாப்பாடு. வைக்கப் போகும்போது, "பக்கத்துல அந்த மதுரைப் பிள்ள இருக்கா?" என்றார்.

"இருக்கேன் மாமா."

"நேத்து அந்தப் பக்கம்தான் போனோம். உன் தூண்டில் இன்னும் கீழதான் கிடக்கும், கேட்டியா. அந்தக் கட்டுல நாங்க போடல, தள்ளிப் போட்டோம்."

"கிடைச்சுதா மாமா?"

"ஆறு" என்றார்.